மூக்கின் நடுவே ஒரு மடிப்பு

டீச்சர் என் தாளை எடுத்து ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் தாளுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் வரைந்த முகத்தில், நெற்றியில் தொடங்கி மூக்கு, உதடு, தாடை வழியாக நேராக ஒரு கோடு இறங்கியது. பென்சில் கோடு அல்ல. தாளை மடித்த கோடு.

"சார், மூக்குக்கு நடுவுல எதுக்கு மடிச்சீங்க?"

வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பென்சில் சீவும் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்குக் காது சுட்டது.

"பாதி போட்டுட்டு மடிச்சு எடுத்தேன் டீச்சர்."

"எதுல பாதி?"

"மூஞ்சில பாதி. வலது பக்கம் மட்டும் போட்டேன். அப்புறம் தாளை மடிச்சு பின்னால ஸ்பூன் வெச்சுத் தேச்சா, பென்சில் தூள் அந்தப் பக்கம் ஒட்டிக்கும். அதும்மேல கோடு இழுத்தா மீதிப் பாதி வந்துடும்."

"ஏன் சார், ரெண்டு பக்கத்தையும் போடறதுக்கு இன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. தாளை மேஜைமேல் வைத்து, கையால் மடிப்பைத் தடவிவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

"எங்க ஆபீஸ் மேடம்."

"அவங்க மாதிரி இருக்குதா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். முகம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு, உதடு வில் மாதிரி. ஆனால் அந்த அம்மாவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பாதி போட்டால் போதும்

எங்கள் ஆபீஸ் பட்டுப்புடவை மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் ஆபீஸ். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க இரும்பு அலமாரி, நடுவில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் மெத்தையில் உட்காருவார்கள். புடவையை விரித்துக் காட்டுவதும் திரும்ப மடித்து வைப்பதும் என் வேலை. டீ வாங்குவது, பேங்குக்குப் போவது, பார்சல் கட்டுவது, காலையில் கதவு திறப்பது, சாயங்காலம் பூட்டுவது எல்லாமும் என் வேலைதான்.

புதுப் பட்டுக்கு ஒரு வாசனை உண்டு. சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். என் மனைவி மல்லிகா வாசலிலேயே, "ஆபீஸக் கழட்டி வெச்சிட்டு உள்ள வாங்க" என்பாள்.

ஓரத்து மேஜையில் தமீம் உட்கார்ந்திருப்பான். கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வாய் மட்டும் ஐம்பது வயசுக்காரன் வாய். இரண்டு மயில் எதிரெதிரே நிற்கிற பார்டர் என்றால் அவன் ஒரு மயிலைத்தான் போடுவான். ஒரு பட்டனைத் தட்டினால் இன்னொரு மயில் தானாக வந்து எதிரில் நிற்கும். கட்டம் போட்ட தாளில் கையால் போட்ட நாளிலும் இதே கதைதான். பாதி போடுவார்கள், மீதியைத் தறி பார்த்துக்கொள்ளும்.

அது எங்கள் ஆபீசில் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. மேனேஜர் ஒரு வேலையை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போனால், "வுடுண்ணா, மீதி தானா வரும்" என்பான் தமீம். அவன் செலவுச் சீட்டைப் பாதி எழுதிக் கொண்டுபோய் நீட்டும்போது கணக்குப் பார்க்கும் ஸ்டெல்லா மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்ப்பார்.

"பாதி போட்டா மீதி தானா வர்றதுக்கு இது பார்டர் இல்ல தமீமு. கணக்கு. முழுசா எடுத்துகினு வா."

இதையே கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். கடவுளும் மனிதன் முகத்தை வலது பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் பட்டனைத் தட்டியிருப்பார் என்று நினைத்ததில் என் தப்பு அதிகம் இல்லை.

யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் படம் வரையும் வகுப்பு என்று ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் வாத்தியார் எங்களை மைதானத்தில் கல் பொறுக்க விடுவார். ஆகையால் எனக்குத் தெரிந்த ஓவியப் பாடம் கல் பொறுக்குவதுதான்.

பெரியவனான பிறகு எப்போது ஆசை வந்தது என்று எனக்கே தெரியாது. பார்சல் கட்டும் அட்டையில் பேனாவால் எதையாவது கிறுக்குவேன். டீ கிளாஸ், பூட்டு, ஜன்னல் கம்பியில் உட்காரும் காக்கா. கிறுக்கிவிட்டு அந்தப் பக்கத்தை உள்ளே போகும்படி மடித்துக் கட்டிவிடுவேன். எத்தனையோ ஊர்களுக்கு என் காக்காக்கள் போயிருக்கின்றன.

ஒருநாள் ஆபீசுக்குக் கவர் வாங்கப் போனேன். அந்த ஸ்டேஷனரிக் கடையின் மாடிப்படி ஓரத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. ஓவிய வகுப்பு, ஞாயிறுதோறும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், வயது வரம்பு இல்லை.

அந்தக் கடைசி வரி என்னைப் பேஜார் பண்ணிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் தானாக அந்தத் தெருவுக்குப் போகும். எதிரே டீக்கடையில் நின்று படியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறுவார்கள், இறங்குவார்கள். டீக்கடைக்காரர் ஒருநாள், "இன்னா ஏகாம்பரம், வீடு பாக்கறியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் ஏறியது மழையால்தான். சட்டென்று பிடித்துக்கொண்டது, ஒதுங்க அந்தப் படி மட்டும்தான் இருந்தது. படியில் நின்றவனை மேலேயிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தார். சுடிதார் முழுக்கச் சாயக் கறை. அவர்தான் டீச்சர், சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர் என்று பிறகு தெரிந்தது.

"வாங்க சார். யாரைக் கூட்டினு வந்தீங்க? பையனா, பொண்ணா?"

என்னை அதுவரைக்கும் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மழைதான் இருந்தது.

"நான்தாங்க" என்றேன்.

டீச்சர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "யாராச்சும் அங்கிளுக்கு ஒரு பலகை எடுத்துக் குடுங்க" என்றார்.

மல்லிகாவிடம் சொல்ல ஒரு மாதம் ஆனது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி வரையப் போறீங்களா? கல்யாணம் ஆனதுல இருந்து என் மூஞ்சியே நீங்க நிமிந்து பாத்ததில்ல. பாக்கறவங்க பாவம்."

செருப்பு தெரியும், முகம் தெரியாது

அவள் சொன்னது விளையாட்டு இல்லை. எனக்கு ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கூச்சம் என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். அது எப்படியிருக்கும் என்றால், எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்தால் அவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆபீசில் எல்லாரையும் எனக்குச் செருப்பை வைத்துத்தான் தெரியும். மேனேஜர் செருப்பு குதிகாலில் தேய்ந்திருக்கும். தமீமுக்கு மாதம் ஒரு ஷூ. ஸ்டெல்லா மேடத்தின் செருப்பு கறுப்பு, வார் தைத்தது, சேத்துப்பட்டு பஸ்ஸின் செம்மண் தூசி அதில் எப்போதும் இருக்கும். அதற்கு மேலே போனால் கைகள் தெரியும். யார் டீயை எந்தக் கையால் வாங்குவார்கள், யார் சூடாகக் குடிப்பார்கள், யார் ஆறவிடுவார்கள், இதெல்லாம் தெரியும். கழுத்துக்கு மேலே எனக்கு வழி தெரியாது.

டீ கிளாசும் பூட்டும் வரைந்தவரைக்கும் வகுப்பில் நான் நல்ல மாணவன். முகம் வந்ததும்தான் மாட்டிக்கொண்டேன்.

போட்டோவில் இல்லாதவர்

ஸ்டெல்லா மேடம் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். நான் அந்த ஆபீசில் சேர்ந்தபோதே அவர் இருந்தார். ஆபீசில் எனக்கு எழுத்து வேலை ஏதாவது வந்தால் தானே எழுதிவிட்டு, நான் எழுதின மாதிரி என் கையில் கொடுத்துவிடுவார். கிறிஸ்துமசுக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி டப்பாவில் கேக் வரும். என் டப்பாவில் மட்டும் மல்லிகாவுக்கு என்று தனியாக ஒரு துண்டு இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலையில் பல் துலக்கும்போது அவர் வாயில் தண்ணீர் நிற்காமல் ஒருபக்கமாக வழிந்திருக்கிறது. முகவாதம். ஆஸ்பத்திரி, ஊசி, பயிற்சி எல்லாம் ஆகித் திரும்பி வந்தார். இடது பக்கம் முழுசாகத் திரும்பி வரவில்லை.

வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னார். இடது பக்கம் சுவர் வரும்படி போட்டோம். யாரும் காரணம் கேட்கவில்லை. இடது கையில் ஒரு கைக்குட்டை வந்து சேர்ந்தது. பேசும்போது அது தானாகக் கன்னத்துக்கு ஏறிவிடும்.

அதற்கு முன்னால் ஆயுதபூஜை போட்டோவில் நடுவில் நிற்பது மேடம்தான். அந்த வருஷம் தமீம் எல்லாரையும் நிற்க வைத்துப் போனைத் தூக்கியபோது மேடம் எழுந்து வந்து, "குடு, நான் எடுக்கறேன். நீ போய் நில்லு" என்றார். மறுவருஷமும் அப்படியே. மாலை போட்ட கம்ப்யூட்டர் இருக்கும், பொட்டு வைத்த தராசு இருக்கும், நாங்கள் எல்லாரும் இருப்போம். மேடம் இருக்கமாட்டார். படம் மட்டும் ஆடாமல் நேராக இருக்கும்.

இந்த வருஷக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு நின்றுவிடப் போவதாக மேடம் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்து வர முதுகு கேட்கவில்லை என்றார். முதலாளி நல்லதொரு புடவை எடுத்து வைத்தார். ஆனால் எங்களுக்கு எங்கள் பங்கில் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. அதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

"மாலை, சால்வை எல்லாம் ஓகே. போட்டோ, வீடியோன்னு எவனாச்சும் போனைத் தூக்கினீங்க, மத்தியானமே பஸ் ஏறிடுவேன்."

அன்று பார்சல் கட்டும்போது தமீம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அட்டையின் உள்பக்கத்தில் இருந்த காக்காவைப் பார்த்துவிட்டான்.

"யாருண்ணா போட்டது?"

நான் கயிற்றை இறுக்கினேன்.

"நீயா? ஞாயித்துக்கிழமை அந்த மாடியில ஏறிகினு இருந்தியே, அதானா மேட்டரு?" அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, மேடத்தைப் போட்டுக் குடு. போட்டோதான எடுக்கக் கூடாதுன்னாங்க. வரையக் கூடாதுன்னு சொல்லல."

அப்படித்தான் நான் பாதி முகம் போட உட்கார்ந்தேன். வலது பாதியை எடுத்துக்கொண்டது தொழில் பழக்கத்தால் மட்டும் இல்லை. மேடத்தின் நல்ல பக்கம் அது. அதையே இரண்டாகப் போட்டுக் கொடுத்தால் பழைய முகம் திரும்பக் கிடைத்த மாதிரி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

கிடைத்தது யாரோ ஒரு அம்மா. தமீமிடம் காட்டியபோது அவன், "யாருண்ணா இது, ஷோகேஸ் பொம்மையா?" என்றான்.

ஒரு வாரம் பார்த்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மடிப்பைத் தடவிவிட்டுக் கடைசியில் சொன்னது இதுதான்: "சார், இந்த வாரம் வரையாதீங்க. அவங்களைப் பாத்துட்டு மட்டும் வாங்க."

மற்றவர்களுக்கு அது சுலபமான வீட்டுப்பாடமாக இருக்கும். நான் திங்கட்கிழமை காலை டீயோடு மாடிப்படியிலேயே இரண்டு தடவை நின்றுவிட்டேன்.

டீ வைக்கும்போது ஒரு பார்வை. பைல் எடுத்துக் கொடுக்கும்போது ஒரு பார்வை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது அலமாரி ஓரமாக நின்று கொஞ்சம் நீளமாக ஒரு பார்வை. அப்படித்தான் தெரிந்துகொண்டேன், இடது கண் இமை வலதைவிடத் தாமதமாக இறங்குகிறது. டீயை உதட்டின் வலது மூலையில் வைத்துக் குடிக்கிறார். புருவத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. அது எப்போதும் இருந்திருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் டீ கொடுத்திருக்கிறேன், அந்த மச்சம் எனக்குத் தெரியாது.

வரைய வேண்டாம் என்று டீச்சர் சொல்லியும் கை கேட்கவில்லை, ராத்திரி வீட்டில் மடிக்காத தாளில் போட ஆரம்பித்தேன். வாரக் கடைசியில் ஓரளவு வந்திருந்தது. இந்த முறை மல்லிகா எட்டிப் பார்த்து, "ஸ்டெல்லா அம்மாதானே" என்றாள். கேக் கொடுத்த அம்மாவை அவள் கோயில் தெருவில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை. டீ கொண்டுபோனபோது மேடத்தின் மேஜையில் பைல்கள் உயரமாக அடுக்கப்பட்டிருந்தன. என் பக்கம் ஒரு சுவர் மாதிரி. கிளாசை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஏகாம்பரம்."

"மேடம்."

"இன்னாத்தப்பா பாக்கற ஒரு வாரமா?"

கைக்குட்டை கன்னத்தில் இருந்தது. குரல் சத்தமாக இல்லை. சத்தமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் திரும்பி வந்தப்போ எல்லாரும் பாத்தாங்க. வியாபாரிங்க பாத்தாங்க, பஸ்ல பாத்தாங்க. பாக்காத மாதிரி பாத்தாங்க. நீ ஒருத்தன்தான் எப்பவும் போல தரையைப் பாத்துகினு டீ வெச்சிட்டுப் போன. உன் கையில டீ வாங்கறது எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? போற நேரத்துல நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

என் கூச்சத்தால் யாருக்காவது நிம்மதி கிடைத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதைத் தெரிந்துகொண்ட நிமிஷமே அதைக் கெடுத்தும்விட்டேன். கிளாசை ஜன்னலில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டேன்.

சாயங்கால டீயை மேடம் வாங்கவில்லை. தானே கீழே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வந்தார். தமீம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. படத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். மல்லிகா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இத்தக் கிழிச்சா, நீங்க சும்மா முறைச்சிப் பாத்தீங்கன்னுதான் அந்தம்மா நினைச்சுகினு போவாங்க. வாயாலதான் சொல்ல வரல. இத்த எடுத்துனு போய் வையுங்க."

கண் இன்னும் இறங்கணும்

திங்கட்கிழமை காலை வழக்கத்தைவிட முன்னால் கதவைத் திறந்தேன். மேடத்தின் மேஜையில் இரண்டு படத்தையும் வைத்தேன். மடித்து எடுத்ததையும் மடிக்காததையும். காற்றில் பறக்காமல் ஸ்டாப்ளரைத் தூக்கி மேலே வைத்தேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினேன்.

கறுப்புச் செருப்பு உள்ளே வந்தது. நாற்காலி இழுபட்டது. அடுத்த தெருவில் விசைத்தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது யாரு?"

எந்தப் படம் என்று நிமிர்ந்து பார்த்தேன். மடித்தது.

"நீங்கதான் மேடம். தப்பா வந்துடுச்சு. பாதி போட்டு மடிச்சு எடுத்தேன்."

"பாதி போட்டு." அவர் மூக்கின் நடுவே இருந்த மடிப்பை விரலால் தொட்டார். "என்னை பார்டர் ஆக்கிட்டியா?"

அடுத்த தாளை எடுத்தார். நான் துடைப்பத்தின் குச்சி ஒன்றைப் பிடுங்கி ஒடித்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத்தான் பாத்தியா?"

தலையாட்டினேன்.

"வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

மேடம் கைப்பையைத் திறந்து முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். கைக்குட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பக் கண்ணாடியைப் பார்த்தார். டெய்லி வவுச்சரையும் கணக்கையும் வைத்து ஒத்துப் பார்ப்பது போலவே இருந்தது.

"இது தப்பா இருக்குதே."

தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"இந்தக் கண்ணு இவ்ளோ மேல இல்ல. இன்னும் எறங்கி இருக்கும். பாவம்னு தூக்கி வெச்சிருக்க." தாளை என் பக்கம் நகர்த்தினார். "கணக்குல நான் இப்படி விட்டுக் குடுத்து உனக்குத் தெரியுமா? பென்சில் இருக்குதா?"

சட்டைப் பையில் இருந்தது.

நாற்காலியைச் சுவரிலிருந்து விலக்கி ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். இடது கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. எதிரே ஒரு ஸ்டூலைக் காட்டினார். அந்த ஆபீசில் நான் அதுவரைக்கும் அவர் எதிரே உட்கார்ந்ததில்லை.

"பாத்துப் போடு. ஜல்தி. தமீம் வந்தான்னா அவனே ஆயிரம் கரெக்ஷன் சொல்லுவான்."

பார்த்துப் போட்டேன். கண்ணை அழித்துவிட்டுக் கொஞ்சம் இறக்கினேன். அவர் மறுபடி கண்ணாடியில் பார்த்து, "இன்னும்" என்றார். இன்னும் இறக்கினேன். மூன்றாவது தடவை கண்ணாடியை உள்ளே போட்டுக் கைப்பையை மூடினார்.

"போய் டீ வாங்கினு வா" என்றார்.

தோற்றம், மறைவு

படத்துக்குச் சட்டம் போட நானும் தமீமும் போனோம். அங்கேதான் ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை என்று புரிந்தது. கடைக்காரர் படத்தைக் கையில் வாங்கிய உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்போ தவறினாங்க?"

"யாரு?"

"அம்மா."

"இப்போதான் பேங்குக்குப் போயிருக்காங்க" என்றான் தமீம்.

கடைக்காரர் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. ஒரு ஆளின் படத்துக்குச் சட்டம் போட வந்தால் கீழே தோற்றம், மறைவு எழுதுவதுதான் அவர் வழக்கம். சின்ன விளக்கு மாட்ட இடம் விடணுமா என்று பாதி கேட்டு நிறுத்திக்கொண்டார். தமீம் வழியெல்லாம் சிரித்தான். ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக மேடத்திடமே சொல்லிவிட்டான். மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டார், சிந்திவிடும் என்று.

"விளக்குக்கு இடம் விடச் சொல்லு தமீமு. எப்படியும் ஒருநாள் வேணும்தானே."

வழியனுப்பும் நாளில் முதலாளி பேசினார், மேனேஜர் பேசினார். என்னையும் பேசச் சொன்னார்கள். சட்டத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வந்து நின்றுகொண்டேன். படத்தைப் பார்த்துச் சிலர் மேடத்தைப் பார்த்தார்கள், பிறகு சட்டென்று வேறு எங்கோ பார்த்தார்கள். மேனேஜர் என் காதருகே, "அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சரி பண்ணிப் போட்டிருக்கலாமே" என்றார். மேடத்துக்குக் காது கூர்மை.

"சரி பண்ணினதுதான் சார் இது. முதல்ல போட்டது தப்பு" என்றார்.

சேத்துப்பட்டு பஸ்

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். சட்டத்தை அவர் தரவில்லை, தானே வைத்துக்கொண்டார். கண்ணாடி உடைந்துவிடும் என்று இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

பஸ்ஸில் எப்போதும் போல இடது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு நல்ல பக்கம் தெரியும், கீழே நிற்கிறவர்களுக்குக் கைக்குட்டை தெரியும். அவருடைய ஏற்பாடு அது. பையை மேலே வைத்துவிட்டு இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். வழக்கம் போலப் பார்வை சக்கரத்துக்குப் போனது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன்.

மடியில் சட்டம். இரண்டு கையும் அதன்மேல். கைக்குட்டை கைப்பையின் வாயில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த மடிச்ச படத்தை இன்னா பண்ண?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்குது மேடம்."

"வெச்சுக்கோ. நல்ல மூஞ்சி. எவளாச்சும் அந்த மாதிரி எதிர்ல வந்தா எனக்குப் போன் பண்ணு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உதட்டின் வலது மூலை முதலில் ஏறியது. இடது பக்கம் கொஞ்சம் பொறுத்து, யோசித்துவிட்டு வருவது போல, பாதி தூரம் வந்து நின்றது. அந்த நேரத்தில் இறங்கிய கண் இன்னும் சுருங்கி, புருவத்து மச்சம்கூட அசைந்தது. பஸ் கிளம்புகிறவரைக்கும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நானும் தரையைப் பார்க்கவில்லை.

பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. ஒரு வாரம் பார்த்தும், எதிரே உட்கார்ந்து வரைந்தும், அவர் சிரிக்கும்போது நான் ஒரு கோடும் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். டீச்சர் அப்போதுதான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், சிரிப்பு எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டேன்.